பப்பாளித் தோட்டத்துச் செஞ்சிலந்தி

என் சின்ன வயதில் ஆந்திரத்தின் பாகாலாப் பக்கம் பூச்சி என்றாலே மாமரத்தைப் பிடிக்கும் தத்துப்பூச்சிதான். செஞ்சிலந்தி என்னும் சிலந்திப்பேனை யாரும் பொருட்படுத்தவில்லை. கோடையில் சில செடிகளில் தலைகாட்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், மிஞ்சினால் நனையும் கந்தகம். பிறகு டைக்கோபால் என்ற மருந்து வந்தது. ஒரே தெளிப்பில் இலை சுத்தமானதைப் பார்த்து ஊரே அதை நம்பியது.

இன்று இளம் மாந்தோப்புகளில் ஊடுபயிராகப் பப்பாளி நிற்கிறது. பங்குனி வெயிலில் இலையைத் திருப்பினால் நூலாம்படை, அதற்குள் ஊரும் சிவப்புப் புள்ளிகள். டைக்கோபாலை 2023-ல் மத்திய அரசே தடை செய்துவிட்டது. கடை அலமாரியில் அதற்குப் பதில் பத்து மருந்துகள் இருக்கின்றன. சிலந்தி மட்டும் சாவதில்லை.

இதை வெறும் தலைவிதி என்று விட எனக்கு மனம் வரவில்லை. நல்ல வெயிலில் முட்டை ஒரு வாரம் பத்து நாளுக்குள் வளர்ந்த சிலந்தியாகிவிடும். ஒரு பெண் நூறு முட்டைக்கு மேலும் இடும். கருவுறாத முட்டையும் பொரிக்கும், ஆணாக. அந்த ஆணிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே பிரதிதான். மருந்தைத் தாங்கும் குணம் அதில் ஒளிந்திருக்க வழியில்லை. உடனே வெளிப்படும், பிழைக்கும், பரவும். ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்று அவற்றின் நஞ்சைச் செரித்துப் பழகிய இனம் இது. 2011-ல் இதன் மரபணுத் தொகுதியை வாசித்தவர்கள் நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் அதில் பெருகிக் கிடப்பதைக் கண்டார்கள்.

மருந்துகள் எதிரியை மட்டும் கொன்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தத்துப்பூச்சிக்கென்று அடித்த பைரித்ராய்டு மருந்துகள், செஞ்சிலந்தியைத் தின்று வாழ்ந்த கடுகளவு கறுப்பு வண்டையும் இரைபிடிக்கும் சிலந்திப்பேனையும் முதலில் அழித்தன. கூலியில்லாமல் காவல் காத்தவை அவை.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. "போன தடவை அடிச்சது கேக்கலையாண்ணா? இது புது மருந்து, எடுத்துட்டுப் போங்க" என்று கடையில் கொடுப்பார்கள். முன்பு அடித்தது பெனசாகுயின், இப்போது கொடுப்பது பென்பைராக்சிமேட். பெயர்தான் வேறு, செயல்படும் விதத்தை வைத்துப் பிரித்த பட்டியலில் இரண்டும் 21ஏ. ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் பெரும்பாலும் தப்பும். அபமெக்டின் 6, ஸ்பைரோமெசிபென் 23. மாற்றி அடிப்பதென்றால் இந்த எண் மாற வேண்டும். அதைத் தெலுங்கிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் டப்பாமேல் அச்சிடச் சட்டம் வேண்டும். அதுவரை, மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.