கான்ட்ராக்டர் தம்பிக்கு ஒரு கெழவன் சொல்றது

வா தம்பி, கரையைப் பலப்படுத்த வந்திருக்கியாமே, சந்தோஷம். 2021 நவம்பர்ல பாலாறும் செய்யாறும் வந்த வரத்தைப் பாத்தவங்க நாங்க. கரை வேணாம்னு சொல்ற பைத்தியக்காரன் உத்திரமேரூர் பக்கம் ஒருத்தனும் இல்ல. மாகறல் பக்கத்துச் செய்யாத்தங்கரையோ, எங்க பெரிய ஏரிக்கரையோ, நல்லா அகலமா கட்டு. நான் குறுக்க நிக்கல. குறுக்க நிக்கிற வயசும் இல்ல, ஜேசிபிக்கு இருக்கிற பலமும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு. நேத்து நீ சொன்னியே, “ஏரி காலியாத்தான கெடக்குது தாத்தா, ஒரே வாரத்துல வழிச்சு எடுத்துடலாம்”னு, அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் மெச்சிக்கினு இருக்கேன். காலியா? சித்திரை, வைகாசி வெயில்ல ஏரி வெடிச்சுக் கெடக்கும்போது, சேத்துக்குள்ள தன்னைப் புதைச்சுக்கினு மழைக்குக் காத்துக்கினு படுத்திருக்கும் ஆமை. முதுகோடு வழுவழுன்னு தோல் போத்தி இருக்கும். தொட்டுப் பாரு, காலை உள்ள இழுத்துக்கும். பின்னங்கால் போன வழியை அடியில இருக்கிற ரெண்டு மடல் வந்து, ராத்திரி கடைக்காரன் ஷட்டரை இறக்குற மாதிரி மூடிடும். நீ என்ன கத்தினாலும் தொறக்காது. செத்த மீனு, நத்தை, தவளைன்னு தின்னு தண்ணியைச் சுத்தமா வைக்கிற ஜீவன். கூலி கேக்காது, பில்லும் போடாது. அதனாலதான் உன் கண்ணுக்குப் படல.

முட்டையை மட்டும் தண்ணியில வைக்காது. கரை மேல ஏறி, மண்ணைத் தோண்டி, உருண்டையா வெள்ளையா வச்சு மூடிட்டுப் போயிடும். எந்தக் கரையில? நீ பலப்படுத்தப் போற கரையிலதான்.

“ஆமைதான”ன்னு சிரிக்காத. 1972-ல வந்த காட்டுயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணைன்னு ஒண்ணு இருக்குது. அதுல புலி இருக்குது, யானை இருக்குது, நம்ம சேத்து ஆமையும் இருக்குது. இன்னொண்ணும் கேளு. ஊர்வனவோட முட்டையை உடைச்சாலும், கூட்டைக் கலைச்சாலும், அந்தச் சட்டம் அதையும் வேட்டைக் கணக்குலதான் சேக்குது. தண்டனை மூணு வருஷத்துல ஆரம்பிச்சு ஏழு வருஷம் வரைக்கும். அபராதம் இருபத்தஞ்சாயிரத்துக்குக் குறையாது. துப்பாக்கி இல்லாமலே பெரிய வேட்டைக்காரனாகிற யோகம் உன் ஜாதகத்துல இருக்குதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. இந்த வயசுல எனக்கு ஒரு சந்தேகம். ஆமை பாட்டுக்கு அதோட ஏரியில கெடந்துது. நாம அது வீட்டுக்குள்ள மிஷினோட புகுந்தோம். இதுல யாரு ஆமை, யாரு அமீனா?

நீ வெளியூரு. எங்க ஊரு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்தைப் பாத்தியா? பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் வெட்டுனது. ஊரை முப்பது குடும்பா, அதாவது வார்டா பிரிச்சு, ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரு. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள. வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவனுக்கு அப்பால ஓலை கெடையாது. அவன் சின்னம்மா பெரியம்மா புள்ளைங்க, அத்தை புள்ள, மாமன் புள்ள யாருக்கும் கெடையாது. அந்தச் சட்டம் இன்னைக்கு இருந்தா இந்தக் கரையைக் கட்ட ஆளே கெடைச்சிருக்க மாட்டான். மனசுல வச்சுக்காத தம்பி, பொதுவா சொன்னேன்.

உனக்கு லாபத்தைச் சொன்னாத்தான் புரியும்னா அதையும் சொல்றேன். பக்கத்துல வேடந்தாங்கல். பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு கண்டுபிடிச்சவன் படிச்சவன் இல்ல, சம்சாரி. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க அங்க வந்து பறவையைச் சுட்டாங்கன்னு போய்ச் சண்டை போட்டு, 1798-லயே கலெக்டர் லயனல் பிளேஸ் கையால கவுல்னு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினாங்க. பாசம் பாதி, மகசூல் பாதி. 2022-ல வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் பட்டியல்ல சேர்ந்துது. ஆனா அந்த ஏரிங்க சின்னது. கூடு அங்க கட்டுற பறவை, குஞ்சுக்கு இரை தேடி சுத்து வட்டாரத்து ஏரிங்களுக்குத்தான் வருது. இங்க எல்லாத்தையும் வழிச்சிட்டு அங்க போர்டு வச்சு என்ன பண்றது?

இங்கிலாந்துல ஆத்தங்கரையில வளை தோண்டி வாழற ஒரு எலி இருக்குதாம், பேத்தி போன்ல காட்டினா. 2008-லேர்ந்து அதுக்கு முழுப் பாதுகாப்பு. கரை வேலைக்கு முன்னாடி ஆளு நடந்து வளை பாக்கணும். இருந்துதுன்னா, உரிய பருவத்துல, லைசன்ஸ் வாங்கிப் புல்லை அறுத்து, அதுவா நகர்ந்து போகவிட்ட பிறகுதான் மண்ணைத் தொடலாம். எலிக்கு அங்க அவ்வளவு மரியாதை. இங்க ஆமைக்கு ஒரு வாரம் பொறுக்க உனக்கு மனசு வரல.

சரி, வேலையை நிறுத்தச் சொல்லல, செய்யற விதத்தைச் சொல்றேன். மிஷின் இறங்குறதுக்கு முன்னாடி கரையை நடந்து பாக்க ஆள் வை. எம்.எஸ்சி. வேணாம், இருளர் ஊட்டுப் பெரியவரு போதும். மண்ணு கெடக்கிற தோரணையிலயே அடியில என்ன படுத்திருக்குதுன்னு சொல்லிடுவாரு. வடநெம்மேலியில 1978-ல ஆரம்பிச்ச, பாம்பு பிடிச்சு விஷம் எடுத்துக் குடுக்கிற சங்கமே அவங்களுதுதான். ஆமை தென்பட்டா வனத்துறைக்குச் சொல்லு. பைக் டேங்க் மேல வச்சு ஊட்டுக்குக் கொண்டு போவாத. ஏரியை ஒரே மூச்சுல வழிக்காத. இந்த வருஷம் பாதி, வர்ற வருஷம் பாதி. ஆழமான மடுவு ஒண்ணை விட்டுவை. வேலிக்கருவையை வேரோட புடுங்கு, யாரும் கேக்க மாட்டாங்க. கோரையை மட்டும் ஓரத்துல விடு, அதுதான் அலையில கரை கரையாம காக்குது. மொத்தத்துக்கும் செங்குத்தா சிமெண்டு பூசாத. சரிவா மண்கரை கொஞ்சம் இருந்தாத்தான் ஆமையும் ஏறும், எங்க மாடும் இறங்கும்.

“இதுக்கெல்லாம் எஸ்டிமேட்ல தலைப்பு இல்லியே தாத்தா”ங்கிற. ரெண்டு ஆள் கூலிக்குத் தலைப்பு இல்லியா? போன வேலையில, எடுக்காத மண்ணுக்கு ஒரு தலைப்பு கண்டுபிடிச்சு எழுதினியே, அதே தலைப்புலயே எழுது தம்பி. இந்தத் தடவையாவது அந்த வரி நெசமா இருக்கும்.