இடதுசாரி வேன்

எங்கள் ஊர் மந்தினில் ஒரு வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. அவரவர் விற்கும் சரக்கில்தான் அவரவர் காரணமும் இருக்கும், அவ்வளவுதான். டயர் கடைக்காரருக்கு டயர். அலைன்மெண்ட் கடைக்காரருக்கு அலைன்மெண்ட். பூசாரிக்குத் திருஷ்டி. இன்சூரன்ஸ் விற்கும் எங்கள் உறவினர் ஒருவர் மட்டும் காரணத்துக்குள் போகவே இல்லை. ஏதாவது நடப்பதற்குள் ஒரு பாலிசி எடுத்துவிடுவது நல்லது என்று படிவத்தை நீட்டினார்.

வேன் சித்தப்பாவுடையது. தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈபிஎஃப் பணத்தில் ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிப் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஐஸ்பெட்டி என்று வைத்து அதை வீடாக்கினார். "லயத்துல ஒரே ரூம்ல எட்டுப் பேரு படுத்தோம். இதுல நாலு பேரு படுக்க முடியாதா?" என்பார். முடிந்தது. ஆனால் படுத்தால் எல்லோரும் இடது பக்கமாக உருண்டார்கள். அன்றே விளங்கியிருக்க வேண்டிய விஷயம்தான். மெத்தை சரியில்லை என்று சித்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஓட்டும்போதும் அதே கதை. ஸ்டேரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், வேன் இடப்பக்கக் கால்வாயைப் பார்த்து நடக்கும். மந்தினிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய சாலையில் இது அவ்வளவாகத் தெரியாது. 1982-இல் கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை திறக்கும்வரை தலைநகரிலிருந்து தெற்கே இறங்கிய வண்டிகளுக்கு அந்த மலைச் சாலைதான் வழி. அத்தனை வளைவுகள். அங்கே இழுக்கிற வண்டியும் இழுக்காத வண்டியும் ஒன்றுதான். நேர்ச்சாலை வந்தால்தான் குணம் வெளிப்படும். லேக்காஸ் நெடுஞ்சாலையில் ஏறியதும் வெளிப்பட்டது.

முதலில் டயர் கடை. பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அங்கிள், நாலு டயரும் மாத்திடுங்க."

"நாலுமா?"

"நாலும் ஒண்ணாத்தானே ஓடுது அங்கிள்."

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பால்மரத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவரிடம் டயரைப் பற்றி ஒரு பொடியன் பேசுவதா? 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த நாள் முதல் உலகத்துச் சக்கரங்களெல்லாம் யார் வெட்டிய பாலில் உருண்டன என்று ஆரம்பித்தார். பையன் அதை விலை குறைக்கச் சொல்லும் பேச்சு என்று எடுத்துக்கொண்டு ஐந்து சதவீதம் கழித்தான்.

டயரில் கோளாறா என்று கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். முன்பக்கத்து இரண்டு டயரையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தால் போதும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். சில ரேடியல் டயர்கள் பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே பட்டை சற்று விலகிப்போய், நேராக உருளாமல் ஒரு பக்கமாகவே ஒதுங்கும். ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய அம்புக்குறி டயர்களில் இந்த வித்தை செல்லாது. சித்தப்பாவின் டயரில் அம்புக்குறி இல்லை. மாற்றிப் போட்டோம். வேன் கொள்கை மாறாமல் இடதுபக்கமே போனது. காற்றையும் வண்டி சூடாவதற்கு முன், விடிகாலையில் பார்த்தோம். காற்று குறைந்த பக்கம்தான் இழுக்கும் என்பார்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

அடுத்து பிரேக். ஒரு பக்கத்துப் பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். கொஞ்ச தூரம் பிரேக் அடிக்காமல் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தோம். தொடக்கூடாது, காட்டினால் போதும். இரண்டும் ஒரே சூடு. அக்கம்பக்கத்தில் பிரேக் விற்பவர் யாரும் இல்லாததால் இந்தக் காரணத்தை வலியுறுத்தவும் ஆளில்லை.

சாலையின் மேல் பழி போட்டவர் பட்டறை ஃபோர்மன் மட்டும்தான். அது பாதி உண்மை. மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடப்பக்க ஓரம்தான் நமக்கு. அதனால் நல்ல வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் நகரத்தான் செய்யும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சமதளம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்த்தோம். அங்கேயும் இடது. திரும்பி எதிர்த்திசையில் ஓட்டினோம். மறுபடியும் இடது.

கடைசியில் அலைன்மெண்ட். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல கடைகளில் டோ என்ற சக்கரக் கோணத்தை மட்டும்தான் திருப்பி விடுவார்கள். டோ பிசகினால் டயர் தேயும், ஸ்டேரிங் கோணலாக நிற்கும். வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் காம்பர், காஸ்டர் என்ற மற்ற இரண்டு கோணங்கள்தான். சித்தப்பா போன கடைக்காரர் யோக்கியர், மூன்றையும் பார்த்தார். தாளில் எல்லா எண்களும் பச்சை. அதைவிட விசேஷம், கடையிலிருந்து வீடு வரும்வரை வேன் கோடு கிழித்ததுபோல் நேராக ஓடியது. சித்தப்பா அந்தத் தாளைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார்.

சனிக்கிழமை குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டவில்லை, இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"கண்ணுதான்," என்றார் சித்தி. எலுமிச்சம்பழம் வாங்கத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய முப்பது டிகிரிச் சாய்வில் இறங்க வேண்டும். சாய்வு குறைந்தால் பால் கோட்டை விட்டுப் பட்டையில் வழியும், பால் பிடிக்கும் மங்குக்கு வராது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயில் வருவதையெல்லாம் கேட்க வேண்டும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சாய்வைப் பிடித்த கண் அது. வேனைப் பின்னாலிருந்து பார்த்தார். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடினார்.

"பலகாரக் கடை வச்சிருக்கியா ஒரு பக்கம்? சாஞ்சு நிக்குதே."

நூல் கொண்டுவந்து, சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவு விளிம்பிலிருந்து தரைவரை அளந்தோம். இடது பக்கம் மூன்று விரல்கடை இறங்கியிருந்தது.

அப்போதுதான் கணக்குப் போட்டோம். தண்ணீர்த் தொட்டி இடது பக்கம். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அடுப்பு இடது. 14 கிலோ கேஸ் என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டும். இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் இடது. ஐஸ்பெட்டி இடது. சித்தப்பாவின் கரவோக்கே பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் இடது. கட்டிலுக்கடியில் சித்தியின் அம்மிக்கல். "கடல் மீனு வாங்கினா அரைச்ச மசாலா வேணாமா?" என்றார். இத்தனைக்கும் மேலே, கல்யாண வீட்டில் தனக்கென்று தனியாகச் சோறு வடிக்க வைக்கும் எங்கள் மாமா, சித்தியின் அண்ணன், கடல் தெரியும் என்று இடது ஜன்னலோரம். வலது பக்கத்தில் இருந்த ஒரே பாரம், ஸ்டேரிங் பிடித்திருந்த சித்தப்பா. அவர் ஒல்லி.

எடை ஏறிய பக்கத்து ஸ்பிரிங் பட்டை அமுங்கும், டயர் கூடுதலாக நசுங்கிச் சாலையை உரசும், முன்சக்கரத்தின் நிலையும் மாறும். வண்டி அந்தப் பக்கம் போகாமல் வேறெங்கே போகும்? அலைன்மெண்ட் கடைக்குப் போனபோது நேராக ஓடியதும் ஏன் என்று விளங்கியது. கடைப் பையன்கள் கரவோக்கே பெட்டியில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சித்தப்பா வேனைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்கும் அப்படியே. அங்கே சக்கரம் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அளக்கும் தட்டின் மேல் வேன் உத்தமனாகத் தாண்டியது. வீட்டோடு பயணம் போகிற வண்டியை வீட்டுச் சாமானோடு அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தியம் அரை நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. எதை வலது பக்கம் மாற்றுவது? தொட்டியை மாற்றினால் குழாயெல்லாம் மாற்ற வேண்டும். கரவோக்கேயை மாற்றலாம் என்றார் சித்தி. அம்மியை மாற்றலாம் என்றார் சித்தப்பா. "அம்மியை எடுத்தா நானும் எறங்கிக்கிறேன்," என்றார் சித்தி. அது இரட்டிப்பு லாபம் என்று சொல்ல வாய் திறந்த சித்தப்பா, நல்லவேளையாக மூடிக்கொண்டார். பாட்டி நடுவராக இருந்து, கரவோக்கே வலது, அம்மி நடு, தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்வது என்று தீர்த்தார். ஃபோர்மன் தளர்ந்துபோன இடது பட்டையை மாற்றினார்.

மீதி இருந்தது மாமா. நூலைப் பிடித்துக்கொண்டு அவரை ஒவ்வொரு இடமாக உட்காரவைத்துப் பார்த்ததில், டிரைவருக்கு நேர் பின்னால் அமர்ந்தால் இரண்டு பக்கமும் சமம் என்று தெரிந்தது. அது அவருடைய நிரந்தர ஆசனம் ஆயிற்று. ஆனால் மத்தியானத்துக்கு மேல் போர்ட்டிக்சன் போனால் வெயில் வலது பக்கத்து ஜன்னலில்தான் அடிக்கும். ஒரு திரை தைத்துப் போடாவிட்டால் வரமாட்டேன் என்றார் மாமா.

தைக்கலாம், துணி எத்தனை கிலோ வரும் என்று கேட்டார் சித்தப்பா.