காத்துக்கு ஒரு காப்பி அனுப்பிட்டியா?

வா கண்ணு, உக்காரு. லீவுக்குத் துருக்கி போறீங்கன்னு உங்கம்மா சொன்னா. கப்படோசியாவுல பலூன் ஏறப் போறீங்களாமே. அதுக்கு நீ அடிச்சு வெச்சிருக்கிற அட்டவணையையும் காட்டினா. கடைசி நாள் விடியக்காலம் பலூன், ஏழு மணிக்கு இறக்கம், எட்டு மணிக்கு டிபன், பதினொரு மணிக்கு இஸ்தான்புல்லுக்குப் பிளேன். படிச்சுப் பார்த்தேன், ரொம்ப நல்லா இருக்குது. காத்துக்கு ஒரு காப்பி அனுப்பிட்டியா சாமி?

சிரிக்காதே. அங்க பலூன் பறக்குமா பறக்காதான்னு முடிவு பண்றது நீ காசு கட்டின கம்பெனிக்காரன் இல்லை. அந்த நாட்டு சிவில் விமானத் துறை. அன்னன்னைக்குக் காத்தைப் பார்த்துக் கொடி காட்டுவாங்களாம். பச்சைன்னா ஏறலாம், மஞ்சள்னா காத்திருக்கணும், சிவப்புன்னா போர்வையை இழுத்துப் போத்திக்க வேண்டியதுதான். குளிர்காலத்துல சிவப்பு அதிகம். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் தேவலாம். தேவலாம்னுதான் சொன்னேன், உறுதின்னு சொல்லலை. அதனால பலூனை முதல் நாளே வெச்சுக்கோ. அன்னைக்கு ஆகலைன்னா மறுநாள் கையில இருக்கும். ரத்தானா காசு திரும்புமா, வேற தேதி தருவானான்னு பணம் கட்டுறதுக்கு முந்தியே எழுத்துல வாங்கிக்கோ. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறப்போ இதையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டவன்தானே நீ.

எல்லா நாளும் சிவப்புக் கொடியாவே போச்சுன்னா? மேல போக முடியலைன்னா கீழ போ. பக்கத்துல தெரிங்குயுன்னு ஒரு ஊரு, மண்ணுக்கடியில குடைஞ்ச ஊரு. சுமார் 85 மீட்டர் ஆழம் போகுது. எதிரி வந்தா ஜனங்க ஆடு மாட்டைக் கூட ஓட்டிக்கிட்டு உள்ள போயி, வட்டக் கல்லை உருட்டி வாசலை அடைச்சுக்குவாங்களாம். அங்க காத்து அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன!

அப்புறம், டிக்கெட்டுல பேரம் பேசினதாக் கேள்விப்பட்டேன். வெங்காயத்துக்குப் பேசு, வேண்டாங்கலை. தலைக்கு மேல நெருப்பு எரியற வண்டிக்குப் பேசாதே. 2013-ல எகிப்துல, லக்ஸர்ல, பலூன் தீப்பிடிச்சு 19 பேர் போய்ச் சேர்ந்தாங்க. பயமுறுத்தச் சொல்லலை. ஊர்ல எல்லாரும் ஒரு விலை சொல்ல, ஒருத்தன் மட்டும் பாதிக்குச் சொன்னா, மீதிப் பாதியை எதுல மிச்சம் பிடிக்கிறான்னு கேட்டுக்கோ. லைசென்சு, இன்சூரன்சு, கூடையில எத்தனை பேர், இது மூணும் தெரிஞ்சாப் போதும். அங்க பெரிய கூடையில இருபது பேருக்கு மேலயே ஏத்துவாங்க.

வெள்ளென நாலு மணிக்கு வண்டி வந்து கூட்டிட்டுப் போகும்னு போட்டிருக்குது. மடை திருப்ப ஆறு மணிக்கு எழுப்பினா "அப்புச்சி, அஞ்சு நிமிசம்"ங்கிறவன், காசு குடுத்து நாலு மணிக்கு எழுந்திரிக்கப் போறே. இருக்கட்டும். ஏன் அவ்வளவு சீக்கிரம்னு தெரியுமா? நம்ம தோட்டத்துல பகல் பதினொரு மணிக்குப் பருந்து சிறகை அசைக்காம மேல மேல சுத்துதே, பார்த்திருக்கியா? வெயில்ல மண்ணு காஞ்சு, சூட்டுக் காத்து எந்திரிக்குது. பருந்துக்கு அது விருந்து, பலூனுக்கு ஆகாது. பொழுது ஏறுறதுக்கு முந்தி காத்து அடங்கிக் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் பலூனுக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கிறே. 2015-லேயே நம்ம பொள்ளாச்சியில பொங்கலை ஒட்டிப் பலூன் திருவிழா ஆரம்பிச்சாச்சே கண்ணு. தென்னந்தோப்புக்கு மேல அது புஸ்ஸு புஸ்ஸுன்னு போறப்போ நம்ம மாடெல்லாம் மிரளுது. ஒரு தடவை ஒண்ணு எல்லை தாண்டி பாலக்காட்டுப் பக்கம் வயல்ல போய் இறங்கிருச்சு, பேப்பர்லயே போட்டிருந்தான். செக்போஸ்ட்ல நிக்காம கேரளா போன வண்டி அது ஒண்ணாத்தான் இருக்கும். இங்க ஏறுடான்னா கூட்டமா இருக்குதுன்னே. அங்க ஒரே காலையில நூறு பலூனுக்கு மேல கிளம்புது, அது உனக்குக் கூட்டமாத் தெரியலை.

ஓட்டறவன்கிட்டப் போயி "அண்ணா, கொஞ்சம் லெஃப்ட்ல போங்க"ன்னு சொல்லித் தொலைக்காதே. அதுல ஸ்டீயரிங்கு கிடையாது. அவன் கையில இருக்கிறது ஏத்தமும் இறக்கமும்தான். ஒவ்வொரு உயரத்துல காத்து ஒவ்வொரு பக்கம் போகும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல உடுமலை வண்டியை விட்டு இறங்கி ஆனைமலை வண்டியில ஏறுற மாதிரி, வேணுங்கிற பக்கம் போற காத்து எந்த உயரத்துல இருக்குதோ அங்க போய்ப் பிடிச்சுக்குவான். அவ்வளவுதான் வித்தை. மேல தூக்குறது என்னன்னு கேட்டா வெறும் கணக்கு. ஒரு கன மீட்டர் காத்து 1.2 கிலோ சொச்சம் இருக்கும். 100 டிகிரிக்குச் சூடு பண்ணினா கால் கிலோ குறையும். அந்தக் கால் கிலோவை ஆயிரக்கணக்குல சேர்த்துத்தான் உன்னையும், உன் கேமராவையும், நீ ஓட்டல்ல தின்ன ராச்சோத்தையும் தூக்கணும். ராத்திரி அளவாச் சாப்பிடு.

இதைக் கண்டுபிடிச்ச பிரெஞ்சுக்கார அண்ணன் தம்பி மோன்கோல்ஃபியேக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியாது. காகித ஆலைக்காரங்க. புகைதான் தூக்குதுன்னு நம்பி, வைக்கோலையும் கம்பளியையும் போட்டு எரிச்சாங்க. 1783 செப்டம்பர்ல வெர்சாய் அரண்மனை முன்னால முதல்ல ஏத்தினது ஒரு செம்மறி, ஒரு வாத்து, ஒரு சேவல். மூணும் உசுரோட இறங்குச்சு. அடுத்து மனுசனை அனுப்பணும்னதும், மரண தண்டனைக் கைதிங்களை ஏத்திப் பார்க்கலாம்னு ராசா பதினாறாம் லூயி சொன்னாராம். அன்னைக்குக் கைதிக்கு ஒதுக்கப் பார்த்த சீட்டுக்கு நீ இன்னைக்கு ஈஎம்ஐ போட்டிருக்கே. அப்புறம் நவம்பர் 21-ம் தேதி பிலாத்ர் த ரோசியேயும் ஒரு பிரபுவும் பாரிசுக்கு மேல பறந்தாங்க. இருபத்தஞ்சு நிமிசம். ரெண்டு பேரும் நெருப்புக்கு வைக்கோல் போட்டுக்கிட்டும், துணியில விழுந்த பொறியை நனைஞ்ச பஞ்சால அணைச்சுக்கிட்டும் போனாங்க. செல்ஃபி எடுக்க நேரம் இருந்திருக்காது.

உன் பொண்டாட்டி அம்முணிகிட்டச் சொல்லிரு, போட்டோவுக்குன்னு அந்த மூணு கஜம் வால் விட்ட கவுன் வேண்டாம். கூடைக்குக் கதவு கிடையாது. பக்கத்துல பொத்தல் விட்டிருப்பான், அதுல கால் வெச்சு ஏறித் தாண்டணும். தரையில குளிரும், சொட்டர் வேணும். மேல போனா உச்சந்தலைக்கு மேலயே அடுப்பு, அதுக்கு ஒரு தொப்பி. ஆனா காத்து மட்டும் மேல படாது கண்ணு. காத்தோடயே போறோம்ல, அப்புறம் எப்படி முகத்துல அடிக்கும்? அதனால தலைமுடி பறக்கிற போட்டோ கிடைக்கலைன்னு கம்பெனிக்காரன்கிட்டச் சண்டைக்குப் போகாதே.

கீழ தெரியற அந்தக் கூம்புக் கல்லெல்லாம் எரிமலைச் சாம்பல் படிஞ்சு இறுகினது. மேல கெட்டிக் கல் தொப்பி, கீழ மெத்துக் கல். மழையும் காத்தும் அரிச்சு அரிச்சு அப்படி நிக்குது. அதைக் குடைஞ்சு கோயில் கட்டினாங்க, வீடு கட்டினாங்க, இப்ப ஓட்டல் கட்டிட்டாங்க. போன் வழியா அதைப் பார்க்கிறதுன்னா நம்ம திண்ணையில உக்காந்தே பார்த்திருக்கலாம், பிளேன் செலவு மிச்சம்.

இறங்குறப்போதான் கவனம். ஓட்டறவன் சொன்ன பக்கம் முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி, உள்ள இருக்கிற கயித்தைப் பிடிச்சுக்கோ. கூடை ரெண்டு குதி குதிக்கும், சில சமயம் சாஞ்சும் படுத்துக்கும். பிரம்புல முடையறதே அந்த அடியை வாங்கிக்கத்தான். தரை தொட்டாச்சேன்னு நீ முதல் ஆளாத் தாண்டிக் குதிச்சிராதே. உன் எடை போனதும் பலூன் மறுபடி எழும்பிரும். நீ வயக்காட்டுல நிப்பே, அம்முணி மேல போயிட்டிருப்பா. அங்கிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாமா, இப்பத்தானுங்க கூடையில எடம் தாராளமா இருக்குது"ன்னு சொல்லிப் போட்டாள்னா என்ன பண்ணுவே?