மூட்டையும் முன்பணமும்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள மண்ணூரில் வாடகை அறையைக் காலி செய்யும் தொழிலாளிக்குப் பெரிய தலைவலி சாமான்களா, அட்வான்சா?

பதில்: அட்வான்ஸ்தான். சாமான்கள் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஒரே நடையில் ஏறிவிடும். முன்பணமோ உரிமையாளரின் கையிலிருந்து எளிதில் இறங்குவதில்லை. சாமான்களை விற்கப் பார்த்தாலோ, கட்டிலும் மிக்சியும், பழம்பொருளை எடைக்கு வாங்கும் காயலான் கடைக்குப் போனதும், வாங்கிய விலையை இழந்து வெறும் கிலோக் கணக்காகிவிடுகின்றன. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது போன்ற வேளைகளில், வேலையோடு வீடும் கைவிட்டுப் போகிறது. அப்போது முன்பணத்தில், சுவரிலுள்ள ஆணித் துளைக்கும் வெள்ளையடிப்புக்கும் பிடித்தம் போக, மிஞ்சுவது சொற்பமே; இது நியாயமன்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்றும், வீட்டைக் காலி செய்தபின் உரிய பிடித்தம் போக எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. அதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட, 18,720 பெண் தொழிலாளர்க்கான விடுதி ஓரளவு ஆறுதல். மற்றவர்கள் குடியேறும் நாளிலேயே எழுத்து ஒப்பந்தம் செய்து, ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்க.