எலும்பில் பதிந்த மூளை

கேள்வி: மூளை சீக்கிரம் அழுகிப்போவது. பல லட்சம் வருடங்களுக்கு முன் செத்த நாயின் மூளையைப் பற்றி எதை வைத்துப் பேசுகிறார்கள்?
– டேனரி ஊழியர், ஆம்பூர்

பதில்: எம்பாசிங் மெஷினில் தகட்டின் கோடுகள் தோலில் விழுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நாய்க் குடும்பத்தில் மூளை மண்டை ஓட்டை ஒட்டியே வளர்வதால், அதன் மடிப்புகள் எலும்பின் உட்புறத்தில் அப்படித்தான் பதிகின்றன. மூளை போய்விடும், அச்சு நிற்கும். லியோனார்ட் ராடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் மண்டைக்குள் ரப்பர் பாலை ஊற்றி, உறைந்ததும் கழுத்துப் பக்கத் துளை வழியாக உருவி எடுத்தார். 1969-லும் 1973-லும் நாய் மூளையின் வரலாற்றை எழுதினார். இன்று வேலூர் சி.எம்.சி.யில் நமக்கு எடுக்கிற சி.டி. ஸ்கேன் வகையறாவே போதும்.

கேள்வி: அந்த அச்சு என்னதான் சொல்கிறது?
– கல்லூரி மாணவி, வாணியம்பாடி

பதில்: நாய்க் குடும்பம் பிறந்தது வட அமெரிக்காவில், ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆரம்பக் கிளையைச் சேர்ந்த ஹெஸ்பெரோசயான் சின்ன நரி அளவுதான். மூளையில் மடிப்புகள் குறைவு. பின்னால் வந்தவற்றில் மடிப்புகள் கூடின. கூட்டமாக வாழ்ந்ததால்தான் ஊனுண்ணிகளுக்கு மூளை பெருத்தது என்று பலர் நம்பினார்கள். கேட்க அழகான விளக்கம். ஜான் ஃபினரெல்லியும் ஜான் ஃப்ளின்னும் 289 ஊனுண்ணி இனங்களின் அளவுகளைச் சேர்த்து 2009-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 125 புதைபடிவ இனங்கள். உயிரோடிருக்கும் இனங்களை மட்டும் பார்த்தபோது தெரிந்த தொடர்பு, இன்றைய நாய்களின் கணக்கை மட்டுமே நம்பி நின்றிருந்தது. புதைபடிவங்களைச் சேர்த்ததும் அதுவும் போயிற்று. செத்துப்போன விலங்குகளை விசாரிக்காமல் பரிணாமம் பேசவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பெரிய தலை என்றால் பெரிய மூளையா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: போரோஃபேகஸைப் பாருங்கள். எலும்பை நொறுக்கித் தின்ற, அழிந்துபோன நாய். நெற்றி மேடாகப் புடைத்திருக்கும். புடைப்புக்குள் இருப்பவை காற்றறைகள். உச்சியில் உள்ள எலும்பு முகடு தாடைத் தசை பற்றிக்கொள்வதற்கு. கலிபோர்னியாவில் கிடைத்த அதன் கல்லான விட்டையில் செரிக்காத எலும்புத் துண்டுகள் இருந்ததை 2018-ல் வெளியிட்டார்கள். அந்தத் தலையின் கனமெல்லாம் கடிப்பதற்கே.

கேள்வி: எங்கள் தெரு நாய் ஓநாயைவிடப் புத்திசாலியா?
– இல்லத்தரசி, வேலூர்

பதில்: அதே உடல் அளவுள்ள ஓநாயோடு ஒப்பிட்டால் நாயின் மூளை ஏறத்தாழக் கால் பங்கு சிறியது. ஆனால் நாம் கைநீட்டிக் காட்டும் பக்கம் போவதில் நாய்க்குட்டி ஓநாய்க்குட்டியை மிஞ்சிவிடுகிறது. திறக்க முடியாத பெட்டியைக் கொடுத்தால் ஓநாய் விடாமல் மல்லுக்கு நிற்கும். நாய் சீக்கிரமே மனிதர் முகத்தைப் பார்க்கும். என் ஓட்டு இரண்டுக்கும்.

கேள்வி: பாலாற்றங்கரையில் தோண்டினால் பழைய நாய் மண்டை கிடைக்குமா?
– 8-ஆம் வகுப்பு மாணவன், பேரணாம்பட்டு

பதில்: தம்பி, நம் மலைப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போது எலும்புள்ள உயிரே இல்லை. அரியலூரில் புதைபடிவங்கள் ஏராளம், ஆனால் அது டைனோசர் காலத்துக் கடல். நாய் வந்தது அதற்கு வெகு பின்னால். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள்தான் உனக்கு ஏற்ற இடம். இமாச்சலத்தின் சாகெட்டியில் புதைபடிவப் பூங்காவே இருக்கிறது. சிவாலிக்கில் கிடைத்த இரண்டு நாய் இனங்களுக்கு 1880-ல் பெயர் வைத்தவர் வங்காளத்துப் பிரமத நாத் போஸ். ஒன்றுக்குக் கங்கைக் கால்வாய் வெட்டிய காட்லியின் பெயர். 1904-ல் மயூர்பஞ்சில் இரும்புத் தாது இருப்பதை ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதமாக எழுதியவரும் இதே போஸ்தான். பாடத்தில் டாடா வரும் அன்று, போஸைப் பற்றியும் சொல்லும்படி ஆசிரியரிடம் கேள்.