ஆறு சிலிண்டரும் ஒரு பந்தியும்

டல்லாஸில் இருக்கும் என் மச்சினனுக்கு ஒரு விமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சொந்தம். "எந்த மூன்றில் ஒண்ணு? இறக்கையா, வாலா?" என்று மாமனார் திருநெல்வேலியிலிருந்து போனில் விசாரித்தார். பில் வருகிற பாகம் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

1970-களில் செய்த பீச்கிராஃப்ட் போனான்ஸா அது. மூக்குக்குள் காண்டினென்டல் ஐஓ-520 இன்ஜின். ஆறு சிலிண்டர், 285 குதிரைத்திறன். "மாமா, சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றான். சும்மா என்று கூப்பிடுகிறவனோடு கோயிலுக்குக்கூடப் போகக் கூடாது. 7,000 அடிக்கு ஏறியதும் ஒரு அட்டையையும் பென்சிலையும் என் மடியில் வைத்து, "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்றான். வெளியே டெக்சாஸ் விரிந்து கிடந்தது. நான் குனிந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் கலவைக்கான சிவப்புக் குமிழை அவன் இம்மி இம்மியாகத் திருகினான். பெட்ரோல் குறையக் குறைய ஒவ்வொரு சிலிண்டரின் புகைச்சூடும் ஏறி, ஓர் உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். எது எத்தனை கேலனில் உச்சம் தொட்டது என்று எழுத வேண்டும். முதலாவதுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் மணிக்கு அரை கேலனுக்குள் இருந்தால் நிம்மதி. எங்களுக்கு வந்தது 1.3. இந்த லட்சணத்தில் சிக்கனம் பிடிக்கப் பார்த்தால் ஒரு சிலிண்டர் துவண்டு போகும், இன்னொன்று துள்ளும். மொத்த விமானமும் உதறும். உதறியது.

"ஒண்ணாம் நம்பர் எது?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. காண்டினென்டலில் வலப்பக்கம் கடைசியில் இருப்பது ஒன்று. லைகமிங் இன்ஜினில் வலப்பக்கம் முன்னால் இருப்பது ஒன்று. இரண்டுமே அமெரிக்காவில் பிறந்த கம்பெனிகள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சிலிண்டருக்குப் பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்தான் அடைத்திருக்கும் என்று மெக்கானிக் ஆறையும் கழற்றி, குழாயோடு ஆறு பாட்டில்களுக்குள் விட்டு, பம்ப்பைப் போட்டார். எல்லாம் என் மச்சினனின் குழந்தை சாப்பிட்டுத் தீர்த்த ஆப்பிள் மசியல் பாட்டில்கள். ஏவ்கேஸ் என்ற நீல நிற விமானப் பெட்ரோல் ஆறிலும் ஏறியது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஆறும் ஒரே மட்டம்! குற்றவாளி கிடைக்காத போலீஸ்காரர் மாதிரி எல்லோரும் தலையைச் சொறிந்தோம்.

விஷயம் இதுதான். இந்த இன்ஜெக்டர் கார்களில் உள்ளதைப் போல நேரம் பார்த்துப் பீச்சுவதில்லை. வால்வு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பீச்சிக்கொண்டே இருக்கும். 2,300 சுற்றில் ஓடும்போது ஒரு வால்வு நிமிஷத்துக்கு 1,150 தடவைதான் திறக்கும். மூடியிருக்கும் நேரத்தில் பீச்சியதில் ஒரு பகுதி ஆவியாகிப் பக்கத்து சிலிண்டருக்குப் போய்விடும். நம் கல்யாணப் பந்தியில் சாதத்தில் குழி பறித்தானா இல்லையா என்று பார்க்காமல் ரசத்தை ஊற்றுவார்களே, அது அடுத்த இலைக்கு ஓடுமே, அதேதான். கரண்டி அளவு சரி. இலையில் நிற்பதுதான் குறைச்சல்.

இதைச் சரிசெய்ய ஓக்லஹோமாவில் ஏடா என்ற சின்ன ஊரில் கேமி என்ற கம்பெனி இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் பிரேலி ஒரு வக்கீல். பங்குத் தகராறு என்றால் வக்கீல்தானே வேண்டும்! அவர்கள் தரும் இன்ஜெக்டர்கள் ஒன்றுக்கொன்று வேண்டுமென்றே வேறுபட்டவை. ஓடி வருகிற ரசம் சேரும் இலைக்குச் சின்னக் கரண்டி. ஓடிப்போகிற இலைக்குப் பெரிய கரண்டி. அநியாயமாக ஊற்றி நியாயம் செய்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. விலையைக் கேட்கும் வரை.

மாட்டினார்கள். மறுபடி நான், மறுபடி பென்சில். வித்தியாசம் 0.3! மணிக்கு ஒன்றிரண்டு கேலன் மிச்சம் என்று மச்சினன் குதித்தான். அந்த மிச்சத்தைச் சரிபார்க்கவே வாராவாரம் பறந்து, மிச்சமானதைப் போல ஐந்து மடங்கு எரித்தான். அவன் மனைவி வாயைத் திறக்கவில்லை. பாட்டில்களை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

பங்காளிகளில் ஒருவர், வயதானவர், இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "இன்ஜின் குளுகுளுன்னு இருக்கணும் தம்பி" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிப் பறக்கிறார். பெட்ரோல் பில் மட்டும் மூன்று சம பங்கு.