சுள்ளிக்கல் முக்கில் வழி கேட்டலும் ரூட்டர் பட்டியலைப் பிரித்து வாசித்தலும்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து ஆண்ட கொச்சியைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களுக்கும், 1568-இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக் கூடத்துக்கும் அறிஞர் பெருமக்கள் போதிய கவனம் அளித்துவிட்டனர். அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சுள்ளிக்கல் முக்கில் நின்று ஒருவன் வழி கேட்டால் கிடைக்கும் பதிலின் இலக்கணத்தை மட்டும் எவரும் தொடவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாராய்ச்சி. ரூட்டரின் ரூட்டிங் பட்டியலைப் பைத்தான் ஸ்கிரிப்ட்டால் பிரித்தெடுக்கும் கலையே இதற்கு அளவுகோல்.

முதற்கண் ஓர் அடிப்படை உண்மை. எந்த ரூட்டரின் பட்டியலிலும் முழு வழி இருக்காது. அடுத்து யாரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். சுள்ளிக்கல்லும் அவ்வாறே. “சேட்டா, எர்ணாகுளத்துக்கு எப்படிப் போகணும்?” என்றால், “தோப்பும்படியில் சென்னிட்டு சோதிச்சா மதி” (தோப்பும்படி போய்க் கேட்டால் போதும்) என்பார் கடைக்காரர். தோப்பும்படியில் கேட்டால் பாலம் கடந்து வில்லிங்டன் தீவுக்குப் போகச் சொல்வார்கள். பட்டியலில் இல்லாத ஊரைக் கேட்டாலும் தோப்பும்படிதான். ரூட்டர்கள் இந்தக் கடைசிப் புகலிடத்தை 0.0.0.0/0 என்று எழுதி வைக்கின்றன.

யார் சொல்வதை நம்புவது? சிஸ்கோ ரூட்டர் இதற்கு எண் வைத்திருக்கிறது: தன்னோடு நேரே இணைந்ததற்கு 0, ஆள் கையால் எழுதி வைத்ததற்கு 1, ரூட்டர்கள் தமக்குள் வழி பரிமாறும் நெறிமுறைகளில் ஓஎஸ்பிஎஃப் சொன்னால் 110, ரிப் சொன்னால் 120. நம் பள்ளிக்கூட மார்க்குக்கு நேர்மாறாக, எண் குறையக் குறைய மதிப்பு கூடும். ரிப் நெறிமுறை பக்கத்து ரூட்டர் சொன்னதைக் கேட்டு அடுத்தவரிடம் சொல்வது. அதற்கு 120 கொடுத்தது தாராளம். சுள்ளிக்கல்லில் சொந்தக் கடை வாசலைக் காட்டுபவருக்கு 0. முப்பது வருடமாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 1. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தாமாக முன்வந்து வழி சொல்பவருக்கு 120-இன் மதிப்பும் அதிகம்.

ஒரே திசைக்குப் பல பதில்கள் வந்தால், மிக நுணுக்கமாகச் சொல்பவனுக்கே ரூட்டர் கட்டுப்படும். இதன் விபரீதத்தை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. யூடியூப் தன் முகவரிகளை /22 என்று மொத்தமாக அறிவித்திருந்தது (இந்த எண் கூடக் கூட வட்டாரம் சுருங்கும்). தன் நாட்டில் அதை முடக்கப் புகுந்த பாகிஸ்தான் டெலிகாம் /24 என்று நறுக்காக ஒன்றை அறிவிக்க, அது எல்லை தாண்டிக் கசிந்து, உலகின் பெரும்பகுதி யூடியூபைத் தேடிப் பாகிஸ்தானுக்குப் போனது. “மட்டாஞ்சேரி பக்கம்” என்பவரை விட்டு, “பள்ளிவாசல் தாண்டி மூணாவது சந்து, பச்சை கேட்” என்பவர் பின்னால் போய்த் தொலைந்தவர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

இனிதான் ஆராய்ச்சியின் கருப்பொருள். ரூட்டர் அச்சிடும் பட்டியல் மனிதக் கண்ணுக்காக அடுக்கப்பட்டது. அதைத் திரும்பப் பிரிக்க கூகுளில் டெக்ஸ்ட்-எஃப்எஸ்எம் என்ற பைத்தான் நூலகத்தையே உருவாக்கினார்கள். ஒவ்வொரு வரியையும் ஓர் அச்சில் பொருத்திப் பார்த்து, இது ஊர், இது வழி, இது வாசல் என்று அது பிரிக்கும். வழி சொன்ன நெறிமுறையைக் குறிக்கும் முதலெழுத்தே புதிர்: ஓ என்றால் ஓஎஸ்பிஎஃப், ஆர் என்றால் ரிப், ஆனால் ஈஐஜிஆர்பிக்கு டி. ஈ என்ற எழுத்தை ஈஜிபி என்ற முதியவர் முன்பே பிடித்துவிட்டார். ரேஷன் கடை வரிசையில் துண்டு போட்டதைப் போல.

ஒரே ஊருக்குச் சம மதிப்பில் இரு வழிகள் இருந்தால் ரூட்டர் இரண்டாம் வரியில் ஊர்ப்பெயரை எழுதாது. வெற்றிடம் விட்டு வழியை மட்டும் சொல்லும். தோப்பும்படியில் பழைய ஹார்பர் பாலமும் பி.ஓ.டி. பாலமும் அருகருகே நிற்பதால், நம்மவரும் “இல்லெங்கில் மற்றே பாலம்” (இல்லாவிட்டால் அந்த இன்னொரு பாலம்) என்று பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார். எந்த ஊருக்கு? மேல்வரியிலிருந்து நாமே நிரப்ப வேண்டும். டெக்ஸ்ட்-எஃப்எஸ்எம்மில் இதற்கென்றே ‘ஃபில்டவுன்’ உண்டு. அதை மறந்தவனுக்குப் பாலம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

வயது இன்னும் மோசம். வழி கிடைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை ரூட்டர் முதல்நாள் 00:12:03 என்று எழுதும். ஒருநாள் கடந்தால் 1டி02எச். வாரம் கடந்தால் அதற்கும் வேறு கோலம். புதிதாக ஆன் செய்த ரூட்டரில் சோதித்துப் பாராட்டு வாங்கிய ஸ்கிரிப்ட் மறுநாள் காலை வாயடைத்து நிற்பது இதனால்தான். சுள்ளிக்கல்லில் இந்தத் தொல்லை கிடையாது. இங்கே புதிய பாலம் எத்தனை வருடமானாலும் புதிய பாலமே. 2023-இல் ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவையும் அப்படித்தான் ஆகப்போகிறது.

முடிவு வருமாறு: கண்ணுக்காக எழுதியதைக் கருவிக்காகப் பிரிப்பது வீண் வேலை. லினக்ஸில் ‘ஐபி ரூட்’ கட்டளையோடு ‘-ஜே’ சேர்த்தால் கருவி நேரே படிக்கும் ஜேசன் வடிவிலேயே கொட்டும். புதிய ரூட்டர்களில் கருவிகள் பேசவென்றே நெட்கான்ஃப் என்ற நெறிமுறை இருக்கிறது. முதலில் அவற்றைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் டெக்ஸ்ட்-எஃப்எஸ்எம்மைத் தொடுங்கள். சுள்ளிக்கல் இதுவரை ஜேசன் தரவில்லை. அங்கே போகிறவர்கள் இரண்டு பேரிடமாவது கேட்டுக்கொள்ளவும்.